டாக்டர் சீட்டு இல்லாமல் பிசியோதெரபிஸ்டிடம் போகலாமா?

மேட்டூர் திறந்து குறுவை நடவு மும்முரமாகும் ஜூன், ஜூலை மாதங்களில் டெல்டா கிராமங்களில் இடுப்பு வலி பேச்சு அடிபடாத தெரு குறைவு. வலி வந்தவர் போகும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை. அடங்காவிட்டால் ஓர் ஊசி. பிறகு யாராவது எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். மாதம் ஒன்று ஓடியதும் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறி எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, சில சமயம் எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்துவிட்டு அவர் சீட்டில் எழுதுவது: பிசியோதெரபி, பத்து நாள். கடைசியாகப் போய்ச் சேர்ந்த அந்த இடத்துக்கு முதல் வாரமே போயிருக்கலாமா?

போகலாம். தனியார் பிசியோதெரபி மையத்தில் உங்களைப் பார்க்க டாக்டர் சீட்டு கட்டாயம் இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரத் தொழில்கள் பற்றிய தேசிய ஆணையச் சட்டம், பிசியோதெரபிஸ்ட் யார் என்பதை அதன் அட்டவணையில் வரையறுக்கிறது. நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து, அசைவுக் கோளாறுக்கும் வலிக்கும் உடற்பயிற்சி, கைமுறைச் சிகிச்சை, மின்சாரம், வெப்பம் போன்றவற்றால் சிகிச்சை தருபவர். தனியாகவும் தொழில் செய்யலாம், மற்ற மருத்துவர்களோடு குழுவாகவும் செய்யலாம். குறைந்தது இளநிலைப் பட்டம் இருக்க வேண்டும். தமிழில் இவரை இயன்முறை சிகிச்சையாளர் என்கிறோம். ஊர் வழக்கில் பிசியோ.

இது நம் நாட்டுப் புதுமை இல்லை. ஆஸ்திரேலியாவில் 1976 முதலே நோயாளிகள் நேராகப் போகிறார்கள். அமெரிக்காவில் 2015-க்குள் 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இதை அனுமதித்துவிட்டன. சில மாநிலங்கள் இத்தனை நாள், இத்தனை தடவை என்று வரம்பு வைத்திருக்கின்றன. 

சீட்டோடு போவதற்கும் நேராகப் போவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் சட்டத்தில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது. சீட்டோடு வருபவரை ஒரு டாக்டர் ஏற்கனவே பார்த்து, எலும்பு முறிவா, கட்டியா, காசநோயா என்று ஓரளவு வடிகட்டி அனுப்பியிருப்பார். நேராக வருபவருக்கு அந்த வடிகட்டல் நடக்கவில்லை. அந்த வேலை பிசியோவின் தலையில் விழுகிறது, பாதி உங்கள் தலையிலும் விழுகிறது. நல்ல பிசியோ முதல் அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்பது இதனால்தான். கேள்வியே கேட்காமல் கட்டிலில் படுக்கச் சொல்கிற இடத்தில் சீட்டு இல்லாமல் படுக்காதீர்கள்.

நேராகப் போகத் தகுந்த வலிகள்

குனிந்து நாற்று நட்டதால், மூட்டை தூக்கியதால் வந்த இடுப்புப் பிடிப்பு. நாள் முழுக்க பைக்கிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ இருந்து இறுகிப்போன கழுத்து. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மாடிப்படி ஏறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலிக்கிற முழங்கால். தோள்பட்டை மெதுமெதுவாக இறுகி, கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத நிலை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. காலையில் எழுந்து முதல் நாலு எட்டு வைக்கும்போது குத்துகிற குதிகால். கால் ஊன்ற முடிகிற அளவுள்ள கணுக்கால் சுளுக்கு. இவற்றுக்கெல்லாம் மருந்தைவிட அசைவும் பயிற்சியும்தான் அடிப்படைச் சிகிச்சை. திருபுவனத்துத் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கும் சுவாமிமலையில் தரையில் அமர்ந்து சிலைக்கு அரம் போடுகிறவருக்கும் வருகிற முதுகு, தோள் வலிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

நடவு வலி ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சிகிச்சையும் புரியும். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் குனிந்து நிற்கும்போது, சிறிது நேரத்தில் முதுகுத் தசைகள் ஓய்ந்து, உடலின் பாரம் தண்டுவடத்துக்குப் பின்னால் உள்ள நார்களின் மேல் போய்த் தொங்குகிறது. அந்த நார்கள் மெல்ல மெல்ல நீண்டு தளர்கின்றன. அப்படியே சட்டென்று நிமிர்ந்து நாற்றுமுடியைத் தூக்கும் நொடியில்தான் பிடித்துக்கொள்கிறது. இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பின் பின்பக்கம் ஊன்றி, மெதுவாக ஐந்தாறு தடவை பின்னால் வளைந்துவிட்டு மறுபடி குனிந்தால் அந்த நார்களுக்கு ஓய்வு கிடைக்கும். நாற்றுமுடியை நிமிர்ந்த உடனே தூக்காமல் நாலு எட்டு நடந்துவிட்டுத் தூக்குவதும் உதவும்.

எதற்கு முதலில் டாக்டர்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கட்டுரையில் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை.

இடுப்பு வலியோடு சிறுநீர் போவது தெரியவில்லை, அல்லது முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியேறவில்லை. ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போகிறது. இரண்டு காலும் பலம் இழக்கின்றன. தண்டுவடத்தின் கீழ்நுனி நரம்புக் கட்டு நசுங்குவதன் அடையாளம் இது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் 108. இதில் ஒரு நாள் தாமதம் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் கட்டுப்பாட்டையே பறித்துவிடலாம்.

முதுகு வலியோடு சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, சில வாரங்களில் எடை குறைதல், பசியின்மை. நம் ஊரில் இதைக் கேட்டால் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். எலும்பு அரித்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் அழுத்தி நீவினாலோ திருகினாலோ என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும், பயிற்சி பிறகுதான். முன்பு புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலியும், எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலியும் இதே கணக்கில் சேரும்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, கண் சிவந்திருந்தால் அது நடவு வலி இல்லை. எலிக் காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே கிருமியை உள்ளே அனுப்பிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும். கெண்டைக்காலைப் பிடித்துவிடுவதால் எதுவும் ஆகாது. காய்ச்சல் இல்லாமல் ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, இறுக்கமாக வலித்தால், குறிப்பாக அறுவை சிகிச்சைக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ நீண்ட நாள் படுக்கைக்குப் பிறகோ வந்தால், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவினால் அந்த உறைகட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் நேராகப் போய் 'கரண்ட் வைக்கிற' பழக்கம் டெல்டாவில் இன்னும் இருக்கிறது. இதில் இரண்டு தப்பு நடக்கிறது. கை காலும் பலமிழந்து பேச்சும் குழறினால் அது பக்கவாதம். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதுவும் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே போடுவார்கள். முகம் மட்டும் கோணியிருந்து, அந்தப் பக்கம் கண்ணை மூட முடியவில்லை, நெற்றியையும் சுருக்க முடியவில்லை என்றால் அது முக நரம்பு வாதமாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். முதல் மூன்று நாளை மின்சாரச் சிகிச்சையில் கழித்துவிட்டு நாலாம் நாள் டாக்டரிடம் போகிறவர் அந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார். முகப் பயிற்சி பிசியோ சொல்லித்தருவார், அது தேவையும்கூட. ஆனால் மாத்திரை முதலில். எது எந்த நோய் என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். முகம் கோணினால் உடனே ஆஸ்பத்திரி.

விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை என்றாலோ, வயதானவர் வழுக்கி உட்கார்ந்த பிறகு இடுப்பு மூட்டு வலித்தாலோ, வருடக்கணக்காக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குத் திடீர் முதுகு வலி வந்தாலோ எக்ஸ்ரே முதலில். எலும்பு முறிவுக்கு இறுக்கமாகக் கட்டு போட்டுக்கொண்டவருக்கு விரல் நுனி மரத்து, நீலம் பாரித்து, விரலை நீட்டிவிடும்போது தாங்க முடியாமல் வலித்தால் கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அதன் பிறகு எந்தப் பயிற்சியாலும் அந்தக் கையை முழுதாக மீட்க முடியாது.

இடது தோளும் கையும் வலித்து, நடக்கும்போது கூடி நின்றால் குறைகிறது, வியர்க்கிறது என்றால் அது இதயமாக இருக்கலாம், இ.சி.ஜி. எடுங்கள். காலையில் விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, இறுக்கம் விட அரை மணி, ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் தேய்மானம் இல்லை, முடக்குவாதம் போன்ற அழற்சி நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் மருந்தும் தேவை. வரப்பில் நடக்கும்போது முன்பாதம் தட்டுகிறது, செருப்பு கழன்று போனதே தெரியவில்லை, பூத் தொடுக்கவோ சட்டைப் பொத்தான் போடவோ விரல் தடுமாறுகிறது என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இதையும் முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

முதல் நாள் என்ன நடக்க வேண்டும்

எடுத்துப் போக வேண்டியவை: சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, பழைய எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். தொடை எலும்பில் பிளேட் வைத்தவர் எத்தனை வாரம் கழித்துக் கால் ஊன்றலாம் என்பது ஆபரேஷன் செய்த டாக்டருக்குத்தான் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் பிசியோவுக்கு 'சீட்டு தேவையில்லை' என்பது பொருந்தாது. ரத்தம் இளகும் மாத்திரை, பேஸ்மேக்கர், கர்ப்பம் இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். உடை தளர்வாக இருக்கட்டும். முழங்கால் பார்க்க வேண்டியவர் முழங்காலுக்கு மேலே ஏறக்கூடிய உடையில் போக வேண்டும்.

அவர் எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, தூக்கம் கெடுகிறதா என்று கேட்பார். மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்று கோணமானி வைத்து அளப்பார். தசைப் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார். படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்ப்பார்; எந்தக் கோணத்தில் வலி கீழ்க்கால் வரை இழுக்கிறது என்பது நரம்பு நிலையைச் சொல்லும். சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவார், பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். இதெல்லாம் முடிந்து உங்களுக்குப் புரிகிற தமிழில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன கோளாறு என்று நினைக்கிறார், எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகலாமா என்று பலரும் கேட்பார்கள். மேலே சொன்ன ஆபத்து அடையாளம் எதுவும் இல்லையென்றால் முதல் சில வாரங்களுக்கு வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதில் இருப்பவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கியிருந்தது. 'டிஸ்க் பல்ஜ்' என்ற வார்த்தையை ரிப்போர்ட்டில் பார்த்துப் பயந்து, வேலைக்கும் போகாமல், குனியவும் அஞ்சிப் படுத்துக்கொள்கிறவர்கள் பலர். அந்தப் பயமே முதுகை மேலும் இறுக்குகிறது.

கரண்ட் வைப்பது பற்றி

பிசியோதெரபி என்றாலே மெஷின் என்று நம்மிடம் ஒரு எண்ணம் படிந்துவிட்டது. ஐ.எஃப்.டி. என்கிற, வலிக்கிற இடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் மெஷின், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் தணித்து, பயிற்சி செய்ய வழி விடுகின்றன, அவ்வளவுதான். தேய்ந்த முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அதை மெஷின் வளர்க்காது. பத்து நாள் மெஷின் மட்டும் வைத்துவிட்டு ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராமல் அனுப்பினால், பதினைந்தாம் நாள் வலி அதே இடத்தில் வந்து நிற்கும். 'பிசியோ பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்கிறவர்களிடம் வீட்டில் என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டால், அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

மெஷினிலும் சூட்டிலும் ஆபத்து உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் கர்ப்பிணிக்கும் டயாதெர்மி, அதாவது மின் அலையால் உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை, கூடாது. உலோகப் பிளேட் உள்ள இடத்திலும் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. ஒத்தடம் கொப்புளமாகி, கொப்புளம் ஆறாத புண்ணாகிவிடும். வீட்டில் ஒத்தடம் கொடுத்தாலும் துண்டை மடித்து வைத்து 15 முதல் 20 நிமிடம் போதும். மரத்த பாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு முழங்கால் தேய்மானத்தில் முதலில் சொல்லித்தருவதைப் பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விட வேண்டும். 10 தடவை ஒரு சுற்று, நாளுக்கு 3 சுற்று. அது லகுவானதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. வலி எவ்வளவு வரை பரவாயில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: பத்துக்கு மூன்று, நாலு மதிப்பெண் அளவு வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். தசைப் பலம் கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் விதைத்த மறுவாரமே கதிர் தேடுகிறார்கள்.

கழுத்தைச் சொடுக்கெடுப்பது வேறு. முடிவெட்டும் கடையில் தலையைத் திருகி விடுவதை விட்டுவிடுங்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிய வாய்ப்புண்டு. பயிற்சி பெற்ற பிசியோகூட முடக்குவாதமோ எலும்பு மெலிவோ உள்ளவரின் கழுத்தை அப்படித் திருப்ப மாட்டார்.

யாரிடம், எங்கே, என்ன காகிதம்

பி.பி.டி., அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம், இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது ஆறு மாதப் பயிற்சிக்காலமும் சேர்த்து நாலரை ஆண்டுப் படிப்பாக நடந்து வந்திருக்கிறது. அதற்கு மேல் எம்.பி.டி. என்ற முதுநிலைப் பட்டம் படித்தவர்கள் எலும்பு மூட்டு, நரம்பு, இதய நுரையீரல், விளையாட்டு என்று பிரிந்திருப்பார்கள். பக்கவாத நோயாளிக்கு நரம்புப் பிரிவு படித்தவர் கிடைத்தால் நல்லது. பெயருக்கு முன் டாக்டர் என்று போடலாமா என்பது 2025-இல் பெரிய சர்ச்சையானது. உங்களுக்கு அந்த எழுத்தைவிடப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டம்தான் முக்கியம். சில மாதச் சான்றிதழ் படிப்பு முடித்து மெஷின் இயக்குபவர் பிசியோதெரபிஸ்ட் இல்லை. பத்து நாளுக்கான பணத்தைப் பரிசோதிக்கும் முன்பே கேட்டால் கொடுக்க வேண்டாம். முதல் நாள் கட்டணம் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

பிசியோ மாத்திரையோ ஊசியோ எழுத முடியாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகான பிசியோதெரபிக்கு மட்டும் பணம் தரும். அதற்கும் டாக்டர் எழுதிய சீட்டு கேட்பார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் வழக்கம் வேறு: ஓ.பி. சீட்டு வாங்கி, எலும்புப் பிரிவு டாக்டரைப் பார்த்து, அவர் எழுதி அனுப்பினால் பிசியோதெரபிப் பிரிவு. நேரம் பிடிக்கும், ஆனால் பணம் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

நேராகப் போனவர் வைத்துக்கொள்ள வேண்டிய கெடு: மூன்று வாரம், அல்லது ஐந்தாறு அமர்வு. அதற்குள் வலியோ அசைவோ கொஞ்சமாவது மாறவில்லையென்றால் பிசியோவே ஒரு கடிதம் எழுதி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். என்ன பரிசோதித்தார், என்ன செய்தார், எது பலிக்கவில்லை என்று அதில் இருந்தால் டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், இலவசமாக. உங்கள் ஊருக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிந்தால் போதும். ஒரு வட்டாரத்துக்கே ஒருவர் என்பதால் தினமும் வர மாட்டார். வருகிற அன்று வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அசைவையும் கற்றுக்கொள்ள வேண்டும். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும்வரை பக்கவாதம் வந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். தூக்கி உட்கார வைக்கும்போது பலமிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு கழன்று இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, தோள்பட்டை எலும்பைத் தாங்கித் தூக்குங்கள். உட்கார வைத்த பிறகு அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள்.